கருப்புத் தட்டும் சிவப்புத் தட்டும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் பழைய சீன அரக்குப் பொருட்களைப் பார்த்தேன். பூக்களும் மனிதர்களுமாகச் செதுக்கிய சிவப்புத் தட்டு ஒன்றை விட்டு நகரவே மனம் வரவில்லை. அப்புறம் சோங் அரச வம்சக் காலத்துக் கருப்புத் தட்டு ஒன்று, எந்த வேலைப்பாடும் இல்லாமல். உண்மையைச் சொன்னால், பிளாஸ்டிக் தட்டு மாதிரி இருந்தது. தெரிந்தவர்கள் அதைத்தான் உயர்வாகச் சொல்வார்கள் என்றார் உடன் வந்த நண்பர். ஏன்? இதுவும் நம் ஊர் அரக்கும் ஒன்றுதானா?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டும் வேறு. நம் அரக்கு ஒரு பூச்சி சுரப்பது. சீனர்களுடையது மரத்தின் பால். பட்டையைக் கீறி வடிப்பார்கள். கையில் பட்டால் சேங்கொட்டைப் பால் பட்டதுபோல் கொப்புளம் போடும்; இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். நம் பக்கத்து ‘லாக்ஷா’விலிருந்து பிறந்த சொல்லையே ஐரோப்பியர்கள் அதற்கும் வைத்துவிட்டார்கள். குழப்பம் அங்கே தொடங்கியது.

பிளாஸ்டிக் மாதிரி என்றீர்களே, அதில் தவறே இல்லை. அந்தப் பால் இறுகும்போது மூலக்கூறுகள் பிளாஸ்டிக்கில் போலவே ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. வெயிலில் காயவைக்கிற வேலை இல்லை. ஈரக்காற்றும் மிதமான சூடும் உள்ள அறையில்தான் அது இறுகும். மெல்லிசாக ஒரு பூச்சு, இறுகும்வரை காத்திருப்பு, தேய்ப்பு, மறுபடி பூச்சு. சாதிலிங்கம் கலந்தால் சிவப்பு. செதுக்குவதற்கென்றால் நூறு பூச்சுக்கு மேலும் போவதுண்டு. இறுகிவிட்டால் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. சீனாவின் சாங்ஷா நகரில் மாவாங்துயி என்ற பழங்காலக் கல்லறையை 1972இல் திறந்தபோது கிடைத்த கிண்ணங்கள், 2,100 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்கடியில் இருந்தும் பளபளப்போடு வந்தன. உள்ளே ‘சாப்பிடுங்கள்’ என்று எழுதியிருந்தது. அதைப் படித்த நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சரி, உங்கள் கருப்புத் தட்டு. சோங் காலம் 960 முதல் 1279 வரை. அக்காலத்து நல்ல தட்டுகள் பலவற்றில், மெல்லிய மரப்பட்டிகளை வளையமாக வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உடலைச் செய்தார்கள். மேலே துணி ஒட்டி, பிறகு பூச்சு. விளிம்பு ஆறு, எட்டு, பத்து இதழ்களாகப் பிரியும். இதே இதழ் வடிவம் அக்காலத்துப் பீங்கானிலும் வெள்ளியிலும் உண்டு. அலங்காரம் இல்லாத பரப்பில் எதையும் ஒளிக்க முடியாது. ஓர் இதழின் வளைவு கொஞ்சம் பிசகினாலும் அதன்மேல் விழும் வெளிச்சம் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். இத்தனை மாத உழைப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டும், வடிவம் மட்டும் நிற்க வேண்டும் என்று நினைத்த ரசனை அது. எனக்கு அதைவிடப் பெரிய ரசனை தெரியாது.

சிவப்புத் தட்டை ரசித்ததற்காகத் தயங்க வேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் ஹுவாங் செங் என்ற கைவினைஞர் இந்தத் தொழிலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் சோங் காலத்தையும் அதை அடுத்து வந்த யுவான் வம்சக் காலத்தையும் சேர்ந்த செதுக்கலைப் புகழும்போது, கத்தியின் கூர் மறைந்திருக்கிறது, மேடுகள் உருண்டு வழவழப்பாக இருக்கின்றன என்கிறார். அங்கேயும் உழைப்பை மறைப்பதுதான் அழகு. யுவான் காலக் கைவினைஞர்கள் சாங் செங், யாங் மாவோ ஆகியோரின் வேலையிலும், அடுத்து வந்த மிங் வம்சத்துப் பேரரசர் யொங்லே காலத்து (1403–1424) வேலையிலும் செதுக்கிய பூவிதழ்களின் ஓரம் தேய்த்து மழுக்கப்பட்டிருக்கும். 18ஆம் நூற்றாண்டில், சியென்லொங் பேரரசர் காலத்தில், கத்தித் தடம் கூராகவே நிற்கிறது. இடைவெளியே விடாமல் நிரப்பியிருப்பார்கள். திறமை அபாரம். ஆனால் என் கண் சீக்கிரம் களைத்துவிடுகிறது.

அடுத்த முறை போனால் சற்றுக் குனிந்து, விளக்கு வெளிச்சம் கருப்புத் தட்டின்மேல் படும்படி நின்று பாருங்கள். மயிரிழை விரிசல்கள் தெரியலாம். பழுது என்று நினைத்துவிடாதீர்கள். ‘சின்’ என்ற பழைய நரம்பிசைக் கருவியின் பூச்சில் விழும் அதே மாதிரி விரிசல்களுக்குப் பாம்பு வயிறு, மாட்டு மயிர், பிளம் பூ என்று பெயர் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள் சீனர்கள்.