பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'எம்எல்எச்1, பிஎம்எஸ்2 இல்லை' என்றால் என்ன?

அப்பாவின் பெருங்குடல் கட்டியில் இந்த இரண்டு புரதங்களும் இல்லை என்று வந்திருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். அது கெட்ட செய்தி மட்டுமே அல்ல.

டிஎன்ஏ நகலெடுக்கப்படும்போது விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்துபவற்றில் நான்கு புரதங்கள் முக்கியம்: எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6. திசுவில் சாயம் ஏற்றினால், புரதம் இருக்கும் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும். இல்லாவிட்டால் வெறும் நீலம். இந்தப் புரதங்கள் இயல்பாகவே உள்ள, பக்கத்து நிணநீர் செல்கள் பழுப்பாக இருக்கின்றனவா என்று முதலில் பார்ப்பார்கள். அவையும் நீலமென்றால் சாயமே சரியாக ஏறவில்லை, முடிவை நம்பக்கூடாது.

எம்எல்எச்1 போனால் பிஎம்எஸ்2 தனியே நிலைக்காது. அதனால்தான் ஜோடியாக இல்லை. பெரும்பாலும் இது வயதானவர்களுக்குத் தானாக வருவது, பரம்பரை அல்ல. கட்டியில் பிராஃப் என்ற மரபணுவில் வி600இ மாற்றம் இருந்தால், பரம்பரை அல்ல என்பது ஏறக்குறைய உறுதி. இல்லையென்றால் லிஞ்ச் நோய்க்குறிக்கான (பரம்பரையாக வரும் புற்றுநோய் ஆபத்து) மரபணுச் சோதனை பற்றிப் பேசுங்கள். அது உங்களையும் உடன்பிறந்தவர்களையும் பொறுத்த விஷயம்.

சிகிச்சையிலும் இதற்குப் பங்குண்டு. புற்றுநோயின் இரண்டாம் நிலையில் ஃபுளோரோயுராசில் என்ற கீமோ மருந்தை மட்டும் கொடுப்பதால் இப்படிப்பட்ட கட்டி உள்ளவர்களுக்குப் பெரிய பலனில்லை. பரவிய நோயிலோ பெம்ப்ரோலிசுமாப் போன்ற, உடலின் நோயெதிர்ப்பாற்றலைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் மருந்து நன்றாக வேலை செய்கிறது. 2020இல் அமெரிக்காவில் பெம்ப்ரோலிசுமாபை முதல் சிகிச்சையாகவே அனுமதித்தார்கள்.