கேள்வி-பதில்: கொல்கத்தாவில் ஒரு இரவு தங்கி டார்ஜிலிங் போகலாமா?

கேள்வி: சார், நாங்கள் தாம்பரத்தில் இருக்கிறோம். மே மாத லீவில் ரயிலிலேயே டார்ஜிலிங் போக ஆசை. நான், மனைவி, 66 வயது அம்மா, 9 வயதிலும் 4 வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஒரேயடியாகப் போனால் அம்மாவுக்குக் கால் வீங்கிவிடும், அதனால் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஒருநாள் ஓய்வெடுத்துவிட்டுப் போகலாம் என்று யோசனை. ஒரே டிக்கெட் எடுத்து நடுவில் இறங்கிக்கொள்ளலாம், செலவு குறையும் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார். உண்மையா? எந்த ஊரில் இறங்கலாம், விசாகப்பட்டினமா, புவனேஸ்வரா, கொல்கத்தாவா?

பதில்: ஆபீஸ்காரர் சொன்னது பொய்யில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும் டிக்கெட்டில் இரண்டு இடத்தில் இறங்கி, ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நாள் வரை தங்கலாம் என்று விதி இருக்கிறது. முதல் 500 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான் இறங்க முடியும். ரயில் கட்டணம் தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்குக் குறைந்துகொண்டே போகும், அதனால் ஒரே டிக்கெட் என்றால் கொஞ்சம் மிச்சமாகும் என்பதும் சரி. ஆனால் இதை போனில் ஆப்பைத் திறந்து செய்ய முடியாது. கவுன்டருக்குப் போய், எங்கே இறங்குகிறோம், அடுத்த வண்டி எது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும், இறங்கிய ஸ்டேஷனில் முத்திரையும் வாங்க வேண்டும். இரண்டு பிள்ளைகளையும் அம்மாவையும் பிளாட்பாரத்தில் உட்கார வைத்துவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் அறையைத் தேடும் அளவுக்கு அந்த மிச்சம் பெரியதில்லை. இரண்டு தனி டிக்கெட்டாக எடுங்கள்.

இறங்கும் ஊரைப் பார்க்க நன்றாயிருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கிருந்து உங்கள் அடுத்த வண்டி கிளம்புகிறதா, இல்லை அந்த ஊர் வழியாகக் கடந்து போகிறதா, அதுதான் முக்கியம். வண்டி புறப்படும் ஸ்டேஷனுக்குத்தான் பொதுக் கோட்டாவில் பெரும்பகுதி இடம். நடுவழி ஸ்டேஷனுக்குக் கொஞ்சம்தான் ஒதுக்குவார்கள், அங்கே வெயிட்டிங் லிஸ்ட் விழுந்தால் நகர்வதும் குறைவு. விசாகப்பட்டினமும் புவனேஸ்வரும் நல்ல ஊர்கள்தான், ஆனால் அங்கிருந்து நியூ ஜல்பைகுரி (டார்ஜிலிங் மலையேற இறங்க வேண்டிய ஸ்டேஷன்) போக வண்டியும் குறைவு, இடமும் குறைவு. கொல்கத்தா அப்படியில்லை. சென்னை வண்டி அங்கே முடிகிறது, வடக்கு வங்காள வண்டிகள் அங்கேயே கிளம்புகின்றன. அதனால் கொல்கத்தா.

கொல்கத்தா என்று ஒரே ஊராகச் சொன்னாலும் ஸ்டேஷன்கள் வேறு வேறு. சென்னை சென்ட்ரலிலிருந்து காலையில் கிளம்பும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுரா போவதில்லை, மறுநாள் முற்பகலில் ஷாலிமாரில் கொண்டுபோய் விடும். ஹவுரா மெயில் ஹவுராவுக்கே போகும், ஆனால் அது போய்ச் சேரும் நேரத்தை டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள், அகால வேளை என்றால் குழந்தைகளோடு வேண்டாம். நியூ ஜல்பைகுரி போக நீங்கள் ஏற வேண்டிய டார்ஜிலிங் மெயில் கிளம்புவது சியால்டாவில், இரவு பத்து மணி சுமாருக்கு. ஷாலிமாரும் ஹவுராவும் ஹூக்ளி ஆற்றுக்கு மேற்குக் கரை, சியால்டா கிழக்கே ஊருக்குள். ஷாலிமாரில் இறங்கினால் டாக்சிதான், இரண்டாவது ஹூக்ளிப் பாலம் வழியாகப் போகும். ஹவுராவில் இறங்கினால் ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோ இருக்கிறது. 2024 மார்ச்சில் எஸ்பிளனேட் வரை திறந்து, 2025 ஆகஸ்டில் சியால்டாவையும் இணைத்துவிட்டார்கள். முன்பு டாக்சியில் ஹவுரா பாலத்து நெரிசலில் முக்கால் மணி நேரம் போனது, இப்போது பத்துப் பன்னிரண்டு நிமிஷம். பெரிய பெட்டிகளோடு ஆபீஸ் நேரத்தில் மட்டும் ஏறாதீர்கள்.

கோரமண்டல் முற்பகலில் போய்ச் சேர்ந்தால் அன்று இரவே டார்ஜிலிங் மெயில் பிடிக்கலாமே என்று தோன்றும். வண்டி நாலைந்து மணி நேரம் தாமதமானாலும் பிடித்துவிடலாம், உண்மைதான். ஆனால் ஒரு நாளுக்கு மேல் வண்டியில் உட்கார்ந்து வந்த அம்மாவை அன்று இரவே திரும்ப ஏற்றுவது என்றால் இறங்கியதற்கே அர்த்தமில்லை. ஒரு இரவு தங்குங்கள், மறுநாள் இரவு ஏறுங்கள். அந்த இரவு ஓய்வுக்கும் ஆச்சு, வண்டி எவ்வளவு மோசமாகத் தாமதமானாலும் அடுத்த டிக்கெட் போகாமல் காப்பதற்கும் ஆச்சு. முதல் நாள் மாலைக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள். பார்க்க வேண்டியதெல்லாம் இரண்டாம் நாளில்.

தங்குவதற்கு முதலில் சியால்டா ஸ்டேஷன் ரிடையரிங் ரூமை, அதாவது பயணிகள் தங்க ஸ்டேஷனிலேயே இருக்கும் வாடகை அறையைப் பாருங்கள். டார்ஜிலிங் மெயில் டிக்கெட் உறுதியாகியிருந்தால் அந்தப் பிஎன்ஆரை வைத்து ஐஆர்சிடிசியில் அறை போடலாம். 48 மணி நேரம் வரை தருவார்கள். அறைகள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காமல் ஓட்டல் எடுத்தால் கேட்க வேண்டிய கேள்வி வாடகை மட்டுமில்லை, காலி செய்யும் நேரம் என்ன என்பதும்தான். பகல் பன்னிரண்டுக்கு வெளியே போ என்றால் இரவு பத்து வரை ஐந்து பேர் எங்கே இருப்பது? அரை நாள் வாடகைக்கு நீட்டிப்பார்களா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸப் மெசேஜ் போதும். பெட்டிகளை மட்டும் வைக்க ஸ்டேஷன் கிளோக் ரூம் இருக்கிறது. பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள், டிக்கெட்டும் காட்ட வேண்டும்.

இறங்கும் நாளைத் திங்கட்கிழமையாக வைத்துக்கொள்ளலாம், ஊர் சுற்றும் நாள் திங்களாக வேண்டாம். விக்டோரியா மெமோரியலும் இந்தியன் மியூசியமும் அன்று மூடியிருக்கும். பிள்ளைகளுக்கு மெட்ரோவே போதும். ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர், முக்கால் நிமிஷத்தில் முடிந்துவிடும், ஆனாலும் குகையில் நீல விளக்கு வரும்போது ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பார்கள். போகும்போது மெட்ரோ, திரும்பும்போது ஹவுரா படகுத்துறையிலிருந்து படகு. அம்மாவுக்கு நம்மூர் சாப்பாடு வேண்டுமென்றால் தெற்கே லேக் மார்க்கெட் பக்கம் போங்கள். பல காலமாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் இடம், இட்லியும் ஃபில்டர் காப்பியும் கிடைக்கும்.

இப்போது டிக்கெட். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் முன்புதான் திறக்கிறது, காலை எட்டு மணிக்கு. உங்கள் சென்னை வண்டிக்கு ஒரு நாள் திறக்கும், சியால்டா வண்டிக்கு இரண்டு நாள் கழித்துத் திறக்கும். சிக்கல் இந்த இரண்டாவதில்தான். வங்காளக் குடும்பங்களுக்கு விடுமுறை என்றாலே திகா கடற்கரை, ஒடிசாவின் பூரி, டார்ஜிலிங் மூன்றில் ஒன்று. மே மாதத்தில் டார்ஜிலிங் மெயில் திறந்த வேகத்தில் தீரும். கிடைக்காவிட்டால் பதாதிக், காஞ்சன் கன்யா என்று சியால்டாவிலிருந்தே வேறு இரவு வண்டிகள் உண்டு. ஹவுராவிலிருந்து விடியற்காலையில் வந்தே பாரத் இருக்கிறது, ஏழரை மணி நேரம் உட்கார்ந்தே போக வேண்டும். எதுவுமே கிடைக்கவில்லை என்றால் சென்னை டிக்கெட்டை அப்போதே ரத்து செய்துவிடுங்கள். முன்கூட்டிச் செய்தால் பிடித்தம் குறைவு, பயண நாள் நெருங்க நெருங்கக் கட்டணத்தில் பெரும்பகுதியை வெட்டிவிடுவார்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை இன்றே முடித்து வையுங்கள், அது இல்லாதவர்களுக்கு முன்பதிவு திறக்கும் நேரத்தில் வாசல் திறக்காது.

அம்மாவுக்கு லோயர் பெர்த் வேண்டும் என்பீர்கள். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் மூத்தோருக்கான லோயர் பெர்த் கோட்டா வேலை செய்யாது. அது தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ போகிறவர்களுக்கு மட்டும், பெண்களுக்கு 45 வயதிலிருந்தே உண்டு. அம்மாவுக்கு மட்டும் தனி டிக்கெட் எடுத்தால் லோயர் கிடைக்கும், ஆனால் வேறு பெட்டியில் போட்டுவிடலாம். என்னைக் கேட்டால் எல்லோருக்கும் ஒரே டிக்கெட் எடுத்து, குறைந்தது ஒரு லோயர் பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற விருப்பத்தை டிக் செய்யுங்கள். ஆப்பிலேயே இருக்கிறது, நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. மூத்தோருக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது, அதை எதிர்பார்க்காதீர்கள். பெரிய பையனுக்கு பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட், வேண்டும் என்றால் முழு டிக்கெட். இரண்டு இரவு வண்டிகள், முழுதாகவே எடுங்கள். சின்னவனுக்கு டிக்கெட் தேவையில்லை. அப்புறம் டிக்கெட் எடுக்கும்போது ஆப்பில் கேட்கும் 45 பைசா இன்சூரன்ஸை வேண்டாம் என்று தட்டிவிடாதீர்கள், விபத்தில் இறப்புக்குப் பத்து லட்சம் வரை தரும். பெட்டி திருடு போனால் தராது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மலையேற பொம்மை ரயில் ஆசை எல்லோருக்கும் இருக்கும். 1881-இல் ஓட ஆரம்பித்தது, யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது, எல்லாம் சரி. ஆனால் நியூ ஜல்பைகுரியிலிருந்து டார்ஜிலிங் 88 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மழையில் மண் சரிந்தால் ஓடவே ஓடாது. நாலு வயதுப் பிள்ளையோடு அது தண்டனை. ஜீப்பில் ஏறிவிட்டு, மேலே போய் டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரை போய்த் திரும்பும் இரண்டு மணி நேர ஜாய் ரைடில் போங்கள். பட்டாசியா வளைவில் நிறுத்துவார்கள், கூம் 2258 மீட்டரில் இருக்கும் ஸ்டேஷன். கட்டணம் தலைக்கு ஆயிரத்தை எட்டும், நீராவி எஞ்சின் என்றால் இன்னும் கூட. பிள்ளைகளுக்காக என்றால் டீசலே போதும், புகையும் குறைவு.

ஜீப்காரரிடம் வாடகை பேசும்போது ஓட்டல் வாசல் வரையா, சௌக் பஜார் ஸ்டாண்டு வரையா என்று கேளுங்கள். மால் ரோட்டுக்குப் பக்கம் என்று விளம்பரம் செய்யும் பல ஓட்டல்களுக்கு வண்டி போகாது, படியேறித்தான் போக வேண்டும். ஓட்டலுக்கே போன் போட்டு எத்தனை படி என்று கேளுங்கள். அம்மாவின் முழங்காலுக்கு அறையின் ஜன்னலில் கஞ்சன்ஜங்கா சிகரம் தெரிகிறதா என்பதைவிட அது முக்கியம்.

திரும்பும்போது கொல்கத்தாவில் இறங்காமலே வரலாம். நியூ ஜல்பைகுரியிலிருந்தே சென்னை சென்ட்ரலுக்கு வாரம் ஒருமுறை வண்டி உண்டு. கிளம்பும் தேதியை அதை வைத்துப் பின்னோக்கிப் போடுங்கள்.

கேள்வி: டார்ஜிலிங்-சிக்கிம் டூர், ரயில் டிக்கெட்டும் சேர்த்து என்று ஒரு டூர்காரர் முழுப் பணத்தையும் ஜிபேயில் கேட்கிறார். டிக்கெட்டை ஸ்டேஷனில் தருகிறாராம். கட்டலாமா?

பதில்: வேண்டாம். 60 நாள் முன்பே டிக்கெட் எடுக்க முடியும் என்கிறபோது ஸ்டேஷனில் தருகிறேன் என்றால் இன்னும் எடுக்கவில்லை என்று அர்த்தம், இல்லையென்றால் ஸ்லீப்பரில் எடுத்துவிட்டு ஏசி என்று சொல்கிறார். முன்பணம் கட்டுங்கள், பிஎன்ஆர் வந்ததும் நீங்களே ரயில்வே உதவி எண் 139-இல் சரிபார்த்துவிட்டு மீதியைக் கட்டுங்கள். டிக்கெட்டில் உங்கள் பெயர்தான் இருக்க வேண்டும். வேறு பெயரில் ஏறச் சொன்னால் அபராதம் கட்டுவது நீங்கள், அவர் இல்லை. அங்கீகாரம் இல்லாமல் சொந்த ஐடியில் டிக்கெட் எடுத்து விற்பது ரயில்வே சட்டம் 143-ஆவது பிரிவில் குற்றம். பணம் போய்விட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதற்கு ரசீது வேண்டும், ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாமல் பில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: முதல் வண்டி தாமதமாகி அடுத்த வண்டியை விட்டுவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: இரண்டு பிஎன்ஆரையும் இணைத்திருந்தால் கிடைக்கும். இந்த வசதி 2019 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. பயணிகள் பெயர் விவரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், முதல் வண்டியில் நீங்கள் இறங்கும் ஸ்டேஷனும் அடுத்ததில் ஏறும் ஸ்டேஷனும் ஒன்றாக இருக்க வேண்டும். ஷாலிமாரில் இறங்கி சியால்டாவில் ஏறுகிறவர்கள் இதை நம்பி நேரத்தைக் குறைக்க வேண்டாம். கிடைப்பதும் விட்ட வண்டியின் பணம்தான், வேறு வண்டியில் இடம் கொடுக்க மாட்டார்கள். இணைக்காவிட்டால் விட்ட வண்டிக்கு ஒன்றும் வராது. ஏற வேண்டிய வண்டியே மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் போகவில்லை என்றால் அது வேறு கதை, முழுப் பணமும் வரும். ஆனால் அந்த வண்டி கிளம்பும் முன்பே டிடிஆர், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், போட்டுவிட வேண்டும்.

கேள்வி: வண்டியில் தண்ணீர் பாட்டில் 20 ரூபாய் என்கிறார்கள். கேட்டால் குளிர்ச்சிக்கு என்கிறார்கள்.

பதில்: ரயில் நீர் ஒரு லிட்டர் 14 ரூபாய், அரை லிட்டர் 9 ரூபாய், 2025 செப்டம்பரிலிருந்து. குளிர்ச்சிக்குத் தனிக் காசு கிடையாது. பில் கேளுங்கள், தராவிட்டால் பெட்டி எண்ணும் பெர்த் எண்ணும் சொல்லி 139-இல் புகார் கொடுங்கள். பெரும்பாலும் போனைக் காதில் வைத்ததுமே சில்லறை வந்துவிடும்.