அறிவியல் துறைக்கு இணையத்தளம்: சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கேள்விகள்

நான் மலேசியாவில் அரசாங்கத் துறைகளின் இணையத்தளங்களைத் திட்டமிடும் வேலையில் இருப்பவன். வானிலை, சுற்றுச்சூழல், செம்பனை ஆய்வு என்று ஏதாவது ஓர் அறிவியல் துறைக்கு சி.எம்.எஸ்., அதாவது தளத்தின் பக்கங்களை எழுதித் திருத்தி வெளியிட உதவும் மென்பொருள், போடுவதாக இருந்தால் எதை எப்படி யோசிக்க வேண்டும் என்று பேராக்கில் உள்ள எங்கள் ஊர் மக்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

பாலிடெக்னிக் மாணவர்: அண்ணே, சி.எம்.எஸ். என்றால் வோர்ட்பிரஸ் நல்லதா, டுரூபல் நல்லதா?

தம்பி, எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், ஆனால் கடைசியில் முடிவெடுக்க வேண்டியது இது. டுரூபலில் ஓடிக்கொண்டிருந்த தன் முதன்மைத் தளத்தை நாசா 2023இல் வோர்ட்பிரஸுக்கு மாற்றியது. அவ்வளவு பெரிய தளத்தையே இரண்டும் தாங்கியிருக்கின்றன, நம் துறைக்கு எதுவும் போதும். நீங்கள் கேட்க வேண்டியது, கட்டி முடித்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார் என்பதுதான். 2014 அக்டோபரில் டுரூபலில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்தபோது, அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் சரிசெய்யாத தளங்களுக்குள் ஆள் புகுந்துவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழுவே சொன்னது. டுரூபல் 7 என்ற பழைய பதிப்புக்கான ஆதரவும் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே பராமரிப்புக்குப் பணமும் ஆளும் ஒதுக்காத டெண்டரில் கையெழுத்துப் போடவே கூடாது.

அவரே: சரி அண்ணே, அப்போது எங்கிருந்து தொடங்குவது?

ஓர் எக்செல் தாளிலிருந்து. பழைய தளத்தில் இருக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரிசை: என்ன பக்கம், யார் எழுதினார், இன்று யார் பொறுப்பு, எப்போது கடைசியாகத் திருத்தப்பட்டது, யாருக்காக இருக்கிறது. 'பொறுப்பு' கட்டம் காலியாக இருந்தால் ஆளைக் கண்டுபிடியுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கத்தைக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் போனால் பழைய குப்பை புதிய வீட்டுக்குக் குடிவரும்.

தோட்டத்திலிருந்து ஒரு தங்கை: அம்மா விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறார். மழை வருமா என்று பார்த்தால் பெரிய படமாக இருக்கிறது, லைன் இல்லாத இடத்தில் திறக்கவே மாட்டேன் என்கிறது. அதுவும் மலாயில். இதை மாற்ற முடியுமா?

முடியும் தங்கச்சி. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. வானிலைத் துறையின் 7 நாள் முன்னறிவிப்பு அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.மை (data.gov.my) வழியாகவும் கிடைக்கிறது. அதில் இடம், தேதி, காலை, பிற்பகல், இரவு, குறைந்த வெப்பம், கூடிய வெப்பம் எல்லாம் தனித்தனிக் கட்டங்களாக இருக்கின்றன. காலை என்ற கட்டத்தில் யாரும் தன் இஷ்டத்துக்குக் கட்டுரை எழுதுவதில்லை. 'தியாடா ஹுஜான்', 'ரிபுட் பெத்திர்' போன்று முன்கூட்டியே முடிவு செய்த சில சொற்றொடர்கள்தான் வரும். அப்படியென்றால் அந்தச் சொற்றொடர்களை மட்டும் ஒரு தடவை தமிழாக்கி வைத்தால் போதும், 'மழை இல்லை', 'இடியுடன் கூடிய மழை' என்று தினமும் தானாகவே தமிழில் வந்துவிடும், மொழிபெயர்ப்பாளரைத் தினமும் கூப்பிட வேண்டியதில்லை. இதையே போஸ்டர் படமாகச் செய்தால் தமிழுக்குத் தனிப் போஸ்டர், கண் தெரியாதவரின் கைப்பேசிக்கு அதைப் படித்துக் காட்டவும் வழி இல்லை, அப்புறம் அளவும் பெரிது. சி.எம்.எஸ். திட்டமிடும்போது பக்கம் பக்கமாக யோசிக்காமல் கட்டம் கட்டமாக யோசியுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். உங்கள் அம்மாவுக்கு வேண்டியது நாளைக் காலை என்ற ஒரே ஒரு கட்டம். பட்டை நனைந்தால் அன்றைய வேலை போச்சு. அவருக்கு அது முதல் வரியில் கிடைக்க வேண்டும், அமைச்சர் திறப்பு விழாப் படத்துக்குக் கீழே இல்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: புகைமூட்டம் வரும் நாளில்தான் தளம் திறப்பதில்லை. ஏன்?

டீச்சர், எல்லாரும் ஒரே நேரத்தில் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் சர்வர் பக்கத்தைப் புதிதாகச் செய்து கொடுக்கப் பார்க்கிறது. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டு அளவான ஐ.பி.யு. 700ஐத் தாண்டியது. 101இலிருந்தே அது ஆரோக்கியமற்ற நிலை. அப்படிப்பட்ட நாளுக்காகத்தான் திட்டமிட வேண்டும்: எண்களை மணிக்கு ஒரு முறை தயாராகச் செய்து வைத்த சாதாரணப் பக்கத்தில் போட்டுவிட்டால் எத்தனை பேர் வந்தாலும் தாங்கும். வெளியிடுவதற்கான ஒப்புதலும் அப்படித்தான். ஆய்வுக் கட்டுரைக்கு எழுதியவர், திருத்துபவர், அனுமதிப்பவர் என்று மூன்று கை மாறலாம். அவசர அறிவிப்புக்கு வேலை நேரத்தில் இருக்கும் விஞ்ஞானி ஒருவரே வெளியிடும் குறுக்குவழி வேண்டும், அதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

அதே ஆசிரியை: பயிற்சித்தாளில் கொடுத்த இணைய முகவரி தளம் புதுசானதும் வேலை செய்யவில்லை.

இது எனக்குக் கோபம் வரும் விஷயம். உலகளாவிய வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று 1998இலேயே எழுதிவிட்டார். தளம் மாறினாலும் பழைய முகவரியைத் தட்டினால் புதிய பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும் 301 என்ற வழிமாற்று இருக்கிறது. நான் சொன்ன எக்செல் தாளில் பழைய முகவரி, புதிய முகவரி என்று இரண்டு கட்டங்கள் சேருங்கள். ஒப்பந்தத்திலும் எழுதுங்கள்.

சிறுதோட்டக்காரர்: செம்பனை விலை, உர ஆலோசனை எல்லாம் பி.டி.எஃப்.இல் வந்தால் என்ன தப்பு?

அச்செடுக்க நல்லது ஐயா, கைப்பேசியில் விரலால் இழுத்து இழுத்துப் படிக்கத்தான் கஷ்டம். பக்கமாகப் போடட்டும், வேண்டியவர்களுக்கு பி.டி.எஃப். கூடவே இருக்கட்டும்.

பாலிடெக்னிக் மாணவர்: இறுதியாண்டு புரோஜெக்ட்டுக்கு இதில் எதைச் செய்யலாம்?

அந்த 7 நாள் முன்னறிவிப்பை எடுத்து, பேராக் மாநிலத்துக்கு மட்டும், மலாயிலும் தமிழிலும் ஒரே ஒரு பக்கம் செய்யுங்கள். பழைய, மலிவான கைப்பேசி ஒன்றில், லைன் குறைவான செம்பனைக் காட்டுக்குள் நின்று திறந்து பாருங்கள். ஆனால் கோட் எழுதுவதற்கு முன் கட்டங்களின் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.