சட்டமன்றம் பாராட்டினால் என்ன கிடைக்கும்?

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களின் கௌரவத் தீர்மானங்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கே: எங்கள் தமிழ்ப் பள்ளியைப் பாராட்டி மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டிருக்கிறது. இதைக் காட்டி அரசு நிதி கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அந்தக் காகிதம் உங்களுக்கு எந்த உரிமையும் தராது. நிதி ஒதுக்க வேண்டுமானால் மசோதா வேண்டும், இரு அவைகளும் நிறைவேற்ற வேண்டும், ஆளுநரிடம் போக வேண்டும். கௌரவத் தீர்மானம் என்பது அவை தன் மனதில் இருப்பதைச் சொல்வது, அவ்வளவுதான். பெரும்பாலான மாநிலங்களில் அது ஆளுநர் மேசைக்கே போகாது.

கே: சட்டமும் இல்லை, பணமும் இல்லை. அப்புறம் எதற்கு இந்த வேலை?

நியாயமான கேள்வி. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் அதிகபட்சம் 140 நாள். அந்த நெருக்கடியிலும் பாராட்டுக்கும் இரங்கலுக்கும் இடம் ஒதுக்குகிறார்கள்.

முதல் காரணம் தொகுதி. பார்வையாளர் மாடத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார். உறுப்பினர் கீழே நின்று பெயரைச் சொல்வார், அவர் எழுந்து நிற்பார், கட்சி பேதமில்லாமல் அவை கைதட்டும், ஒரு புகைப்படம். அரசியல் லாபம் உண்டுதான், மறுக்கவில்லை.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது காரணம்: பதிவு. இந்தத் தீர்மானங்களின் முன்பகுதியில் ஒவ்வொரு பத்தியும் 'Whereas' ('இவ்வாறு இருப்பதால்') என்று தொடங்கி ஒரு தகவலைச் சொல்லும்: எங்கே பிறந்தார், எத்தனை வருடம் பாடம் நடத்தினார், இரங்கலானால் யாரையெல்லாம் விட்டு மறைந்தார். வர்ஜீனியாவில் கடைசிப் பத்தி, பிரதி ஒன்றைத் தயார் செய்து உரியவரிடம் வழங்கும்படி அவைச் செயலரைப் பணிக்கும். எந்தச் செய்தித்தாளும் எழுதாத ஒரு வாழ்க்கை, மாநில ஆவணத்தில் ஏறிவிடுகிறது.

கே: யாரும் படிப்பதே இல்லை, கும்பலாக நிறைவேற்றுகிறார்கள் என்கிறார்களே?

பல சமயம் உண்மைதான். 1971-ல் டெக்சாஸ் உறுப்பினர் டாம் மூர் இதை நிரூபித்தே காட்டினார். ஆல்பர்ட் டிசால்வோ என்பவர் மக்கள்தொகைக் கட்டுப்பாட்டில் கையாண்ட புதுமையான உத்திகளைப் பாராட்டி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. டிசால்வோ யார் தெரியுமா? 'பாஸ்டன் ஸ்ட்ராங்லர்' என்று நாடே அறிந்த ஆள், பல பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாக வாக்குமூலம் கொடுத்தவர். மூர் பிறகு தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கே: வர்ஜீனியாவில் பொங்கலுக்கு அரசு விடுமுறையா?

இல்லை. 2017-ல் ஜனவரி 14-ஐப் பொங்கல் நாளாக இரு அவைகளும் தீர்மானத்தால் அறிவித்தன. அன்று அலுவலகம் உண்டு, பள்ளியும் உண்டு.

கே: அமெரிக்க காங்கிரசிலும் இப்படி உண்டா?

ஒரு காலத்தில் அளவுக்கு மீறியே இருந்தது. நினைவு நாள், நினைவு வாரம் என்று குவிந்ததால் 1995-ல் பிரதிநிதிகள் சபை அந்த வகை மசோதாக்களைத் தன் விதியிலேயே தடுத்துவிட்டது. மாநிலங்களில் தாராளம்தான். நியூ மெக்சிகோவின் கீழவை 2007-ல் புளூட்டோவையே மறுபடி கிரகமாக்கியது! தங்கள் மாநில வானத்தைக் கடக்கும்போது மட்டும்.

கே: எங்கள் நடன ஆசிரியைக்கு ஒன்று வாங்க வேண்டும். யாரைப் பார்ப்பது?

அவர் வசிக்கும் தொகுதியின் உறுப்பினர் அலுவலகத்தை. கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள். வாழ்க்கைக் குறிப்பை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் வசதி. வரைவு வந்ததும் பெயரைச் சரி பாருங்கள். நம் இனிஷியலைப் பார்த்தால் அவர்களுக்குக் குழப்பம். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, தீர்மானம் முழுக்க ஆசிரியையை அப்பா பெயராலேயே பாராட்டி வைப்பார்கள்.