வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டிலிருந்து கூடுதலாகச் சம்பாதிக்க என்ன தொழில் செய்யலாம்?

மாதம் 18,000 சம்பளம், கையில் 20,000 இருக்கிறது, ஆடு வளர்க்கலாமா, தின்பண்டம் செய்து கடைகளுக்குப் போடலாமா, ஆன்லைனில் ஏதாவது பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் இறங்கிப் பார்த்தவன் நான். ஊர் திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சி.

ஆன்லைனில் டைப்பிங் வேலை, பதிவுக் கட்டணம் 3,500 என்றார்கள், கட்டினேன், அதோடு போயிற்று. வேலை தருகிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அப்போதே போனை வைத்துவிடுங்கள்.

ஆடு நல்ல தொழில்தான். நம் பக்கத்துக் கன்னி இன ஆடு இரட்டைக் குட்டி போடும், சினைக்காலம் ஐந்து மாதம், கணக்குப் போட்டால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பகலில் மேய்க்க ஆள் வேண்டும், நான் காலையில் போனால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வீடு. கட்டிப்போட்டுத் தழை வெட்டிப் போட்டேன். ஐப்பசி மழையில் ஆட்டுக்கொல்லி நோய் வந்து நாலில் இரண்டு செத்தன. தடுப்பூசி போடாமல் விட்டது என் தவறு, இன்னும் மனசு உறுத்துகிறது.

அப்புறம்தான் அப்பளம். எங்கள் ஊரே அதற்குப் பேர்போனது. ஆச்சியும் அம்மாவும் வியாபாரிக்குக் கூலிக்கு இட்டவர்கள். உளுந்து மாவில் பிரண்டைச் சாறு எவ்வளவு, அப்பளக்காரம் எவ்வளவு என்பதெல்லாம் அம்மாவுக்குக் கைக்கணக்கு. அம்மா, மதினி, நான் மூன்று பேரும் சேர்ந்து முதல் மாதம் 2,300 ரூபாய் லாபம் பார்த்தோம். சந்தோஷமாக இருந்தது, ஆனால் மூன்று பேரும் செலவழித்த நேரத்தைக் கூட்டினால் 70 மணி நேரம், மணிக்கு 33 ரூபாய்கூட வரவில்லை. தயவுசெய்து இந்தக் கணக்கை முதல் மாதமே போடுங்கள், வீட்டுப் பெண்களின் உழைப்பைச் சும்மா வந்ததாக நினைத்துத்தான் நிறையப் பேர் லாபம் என்கிறார்கள்.

கடைக்குப் போடுவதை நிறுத்தியதும்தான் நிலைமை மாறியது. கடையில் கமிஷன் போகும், பாக்கி நிற்கும், உடைந்தது திரும்பி வரும். அதற்குப் பதில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு, முதலில் சொந்தக்காரர்கள், அப்புறம் அவர்கள் சொன்ன வீடுகள் என்று நேராக அனுப்பினோம். அப்பளம் தீர்ந்தால் அதே வீடு மறுபடி கேட்கிறது, புதிதாக ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. அட்டைப்பெட்டியில் இறுக்கி அடுக்க வேண்டும், இடம் விட்டால் நொறுங்கும். ஐப்பசி, கார்த்திகையில் எதுவும் காயாது, அந்த மாதங்களுக்கு எள் சேர்த்த இட்லிப்பொடி, பருப்புப்பொடி என்று மாற்றிக்கொண்டோம். இப்போது 40 வீடு, மாதம் ஒன்பதாயிரம் மிஞ்சுகிறது, அம்மாவுக்கும் மதினிக்கும் கூலி கொடுத்த பிறகு.

உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு கட்டாயம், சிறு அளவில் செய்கிறவர்களுக்கு நான் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளங்களில் ஏமாறாதீர்கள்.

உங்கள் 20,000-ஐயும் ஒரே நாளில் இறக்க வேண்டாம். உங்கள் வீட்டில் யாருக்கு என்ன கைவேலை தெரியும் என்று முதலில் கேளுங்கள், ஐயாயிரத்துக்கு அதைச் செய்து பத்து வீட்டுக்குக் கொடுங்கள், எத்தனை வீடு இரண்டாவது தடவை கேட்கிறது என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைத் தொடுங்கள்.