ஏப்ரலில் காய்ந்து நிற்கும் கேட்மின்ட்டைப் பிடுங்கலாமா?

கேள்வி: போன வருடம் மே மாதக் கடைசியில் முன்வளவில் மூன்று கேட்மின்ட் (புதினாக் குடும்பத்துப் பூச்செடி) கன்றுகள் நட்டேன். லேபலில் 'வாக்கர்ஸ் லோ, பல்லாண்டுச் செடி' என்று போட்டிருந்தது. ஜூன் முழுக்க நீலமாகப் பூத்தது. பிறகு நடுவே பிளந்து நாலு பக்கமும் சரிந்துவிட்டது. இப்போது ஏப்ரல் கடைசி, வெறும் காய்ந்த குச்சிதான் நிற்கிறது. வளவு துப்புரவாக்க வந்த தம்பி, "இது செத்துப்போச்சு அக்கா, பிடுங்கிப்போட்டுப் புதிசு வைச்சுத் தாறன்" என்று விலையும் சொல்லிவிட்டுப் போனார். உண்மையாகவே செத்துவிட்டதா? பக்கத்து வீட்டுப் பூனை வேறு அதன் மேலேயே படுத்துக் கிடந்தது. (ஸ்காபரோ வாசகி)

பதில்: முதலில் அந்தத் தம்பிக்கு போன் எடுத்து, வர வேண்டாம் என்று சொல்லுங்கள். மிச்சத்தை அப்புறம் பார்ப்போம்.

பனி கரைந்த கையோடு பார்த்தால், ரொறன்ரோப் பக்கம் எல்லாக் கேட்மின்ட்டும் காய்ந்த குச்சிதான். நீங்கள் பார்ப்பது போன வருடத்துத் தண்டு. அது எப்படியும் திரும்பத் துளிர்க்காது. உயிர் இருப்பது மண்ணோடு ஒட்டிய அடிக்கட்டையில். குனிந்து, சருகை விரலால் விலக்கிப் பாருங்கள். சாம்பல் பூத்த பச்சையில், சுருக்கம் விழுந்த சின்னஞ்சிறு இலைகள் கொத்தாக இருக்கும். ஒன்றைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தால் புதினாச் சாடையில் ஒரு வாசம் வரும். வந்தால் செடி நலம். ஒன்றும் தெரியாவிட்டாலும் மே 25-க்கு முந்திய திங்களில் வரும் விக்டோரியா டே வரை கை வைக்காதீர்கள். அதன் பிறகும் பச்சை இல்லை, அடிக்கட்டையை அழுத்தினால் கறுத்துக் கூழாகிறது என்றால்தான் போனது போனதுதான்.

பச்சை தெரிந்ததும் பழைய குச்சிகளைத் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் கத்தரித்து விடுங்கள். வசந்தகால வேலை அவ்வளவுதான். இதற்கு ஆள் வேண்டாம்.

ஏப்ரலில் ட்ரக்கோடு வந்து 'செத்துப்போச்சு' என்று சொல்பவர்களைப் பற்றி எனக்கு ஒவ்வொரு வருடமும் கடிதம் வருகிறது. செடி தூங்கும் நேரம் பார்த்து வருகிறார்கள். பிடுங்கியதைக் கொண்டு போகிறார்கள், புதுக் கன்று வைக்கிறார்கள், அதைச் சுற்றிக் கறுப்புச் சாயம் போட்ட மரச்சீவலை அரையடி உயரத்துக்குக் குவிக்கிறார்கள். அந்தக் குவியலுக்குள் அடிக்கட்டை ஈரம் காயாமல் கிடந்து அழுகும். அடுத்த ஏப்ரலில் அதே ட்ரக் திரும்ப வரும். ஒன்ராறியோவில் முடி வெட்டுவதற்குச் சான்றிதழ் கட்டாயம். வளவில் மருந்தடிக்கவும் உரிமம் வேண்டும். செடியைப் பிடுங்கி எறிய மட்டும் ஒரு காகிதமும் தேவையில்லை. தோட்டக்கலைத் தொழில்நுட்பர் என்று ஒரு தொழிற்சான்றிதழ் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் விரும்பினால் எடுக்கலாம், விட்டால் விடலாம்! வருகிறவரிடம் அது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

சரி, ஏன் சரிந்தது? கவனிப்புக் கூடிப்போய்விட்டது. கன்று வாங்கும்போதே கடையில் இரண்டு மூட்டை ஆட்டெருவையும் கையில் திணித்திருப்பார்கள். கேட்மின்ட் வறண்ட, மெலிந்த மண்ணுக்குப் பழகிய செடி. எருவும் தண்ணீரும் கூடினால் தண்டு கொழுத்து, நீண்டு, தன் பாரம் தாங்காமல் நடுவில் பிளக்கும். இந்த வருடம் பசளை ஒன்றும் போடாதீர்கள். முதல் வருடம் கன்று வேரூன்றத் தண்ணீர் தேவைப்பட்டது. இனி மழை போதும், நீண்ட வறட்சி வந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். 'லோ' (குட்டை) என்ற பேரை நம்பி இடம் ஒதுக்கியிருந்தால் அதுவும் தப்பு. அது முக்கால் மீற்றர் வரை எழும்பும், அதைவிட அகலமாகப் படரும். ஒன்றுக்கொன்று இரண்டரை அடியாவது இடைவெளி விடுங்கள்.

ஜூன் கடைசியில் முதல் பூ மங்கும்போது கத்தரிக்கோலை எடுத்து, செடியைப் பாதி உயரத்துக்குத் துணிந்து வெட்டிவிடுங்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று கிழமையில் புதுத் துளிர் வந்து, ஓகஸ்டில் மறுபடி பூக்கும், சரியவும் சரியாது. இலையுதிர் காலத்தில் வெட்ட வேண்டாம். காய்ந்த தண்டு பனியைப் பிடித்து வைத்து அடிக்கட்டைக்குப் போர்வையாகும்.

உங்கள் பக்கத்துப் புது வீடுகளில் வேறொரு தொல்லை. வீடு கட்டியவர்கள் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, களிமண்ணின் மேல் புல்லுக்கு மட்டும் ஒரு பிடி மண் போட்டிருப்பார்கள். கேட்மின்ட்டைக் கொல்வது ரொறன்ரோக் குளிர் அல்ல, அந்தக் களியில் மார்ச் மாதம் தேங்கும் தண்ணீர்தான். செடி நிற்கும் இடத்தைச் சுற்றுமுற்றுத் தரையைவிடக் கொஞ்சம் மேடாக்கி, மரச்சீவலுக்குப் பதில் சின்னக் கூழாங்கல் பரப்புங்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் அப்பார்ட்மென்ட் காரர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். 'பல்லாண்டுச் செடி' என்ற வாக்குறுதி நிலத்தில் நட்டதற்குத்தான். பூச்சாடியில் வைத்தால் கதையே வேறு. நிலத்தில் வேருக்கு மேலே மட்டும்தான் குளிர். சாடியில் நாலு பக்கமும் குளிர், அடியிலும் குளிர். உறைவதும் கரைவதுமாக மாறி மாறி வரும் மார்ச்சில் வேர் அறுந்துபோகும். லேபலில் இருக்கும் குளிர்மண்டல எண்ணை (எண் குறையக் குறையச் செடி கூடிய குளிர் தாங்கும்) சாடிக்கு அப்படியே எடுக்கக் கூடாது. இரண்டு மண்டலம் கூடுதலாகக் குளிர் தாங்கும் செடிதான் சாடியில் தப்பும் என்று கணக்கு வையுங்கள். அந்த எண்ணிலும் ஒரு கூத்து இருக்கிறது. மண்டலம் பிரிக்கும் அமெரிக்க வரைபடம் குளிர்கால அடிமட்ட வெப்பநிலையை மட்டும் பார்க்கும். கனடா வரைபடம் அதோடு தரையில் கிடக்கும் பனியின் ஆழம், காற்று, மழை, உறைபனியில்லா நாட்கள் எல்லாம் சேர்த்துக் கணக்கிடும். லேபலில் '4' என்று இருக்கும். எந்த நாட்டு 4 என்று இருக்காது! இதைச் சரிசெய்ய இத்தனை வருடமாக ஒருவருக்கும் மனம் வரவில்லை. கேட்மின்ட் இரண்டு கணக்கிலும் ரொறன்ரோ நிலத்தில் தாங்கும், ஆனால் சாடிக்கு அந்த நம்பிக்கை வேண்டாம். பெரிய சாடியாக, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை உள்ளதாக எடுங்கள். நவம்பரில் வீட்டுச் சுவரோரம் ஒதுக்கி, சாக்குச் சுற்றுங்கள், அல்லது சூடேற்றாத கராஜில் வையுங்கள். வீட்டுக்குள் ஹீற்றர் பக்கத்தில் வைக்காதீர்கள், அதற்குக் குளிர்கால உறக்கம் தேவை.

இன்னும் மூன்று கன்று வேண்டுமென்றால் இணையத்தில் 'வாக்கர்ஸ் லோ விதை, 200 விதை, ஐந்து டொலர்' என்று விற்பதை வாங்காதீர்கள். அது இரண்டு இனங்கள் கலந்த மலட்டுக் கலப்பினம். முளைக்கும் விதை வைக்காது, அதனால் அந்தப் பேரில் விதை விற்பது பச்சைப் பொய். முளைத்தால் வருவது கேட்மின்ட்டின் நெருங்கிய உறவான, வெள்ளைப் பூப் பூக்கும் கேட்நிப்பாகவோ வேறேதோ களையாகவோ இருக்கும். கேட்நிப் தானாகவே விதை தூவி வளவு முழுக்கப் பரவும். உங்களிடம் இருக்கும் செடி வேறெங்கும் தாவாது. மூன்று நாலு வருடத்தில் நடுப்பகுதி வெறுமையானதும், வசந்தத்தில் கிண்டியெடுத்து மண்வெட்டியால் மூன்றாகப் பிரித்து நடுங்கள். கன்று இலவசம்.

பூனையை விரட்ட வேண்டாம். இலை நசுங்கும்போது வரும் நெபெற்றலாக்டோன் என்ற வாசப்பொருள்தான் அதை இழுக்கிறது. எல்லாப் பூனையும் மயங்காது, அது பிறப்பிலேயே வருவது. பெரிய செடியைப் பூனையால் ஒன்றும் செய்ய முடியாது. இளந்துளிரை மட்டும் நசுக்கும். தொங்கும் பூக்கூடையின் கம்பிச் சட்டத்தைக் கவிழ்த்து ஜூன் வரை மூடி வையுங்கள். இலைகள் கம்பிக்கு வெளியே வளர்ந்ததும் சட்டமே கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்று. போன மே மாத ரசீதைத் தேடி எடுங்கள். பல்லாண்டுச் செடிகளுக்குச் சில பெரிய கடைகள் ஒரு வருட உத்தரவாதம் கொடுக்கின்றன. அந்த வருடம் முடிய உங்களுக்கு இன்னும் சில கிழமைதான் இருக்கிறது. செத்த செடியையும் ரசீதையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். அதனாலேயும் அந்தத் தம்பி செடியைப் பிடுங்கிக் கொண்டுபோக விடாதீர்கள்.