எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வருவதில்லை. இந்தத் தடையை எப்படிக் கடந்தீர்கள்?

கேள்வியைப் பார்த்ததும் பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களைப் படித்த பிறகு முடியவில்லை. நடைப்பயிற்சி போங்கள், பாட்டுக் கேளுங்கள், அழகான நோட்டு வாங்குங்கள் என்கிறார்கள். நான் நான்கு வருடம் நடந்தேன். சர்க்கரை குறைந்தது, கதை வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய எழுத்தாளன் கிடையாது. இதுவரை அச்சில் வந்தது பதினோரு கதை. "பதினொன்று எழுதினவனுக்கு என்னய்யா தடை" என்று கீழே யாராவது கேட்பீர்கள். சிறுகதை எழுத்தாளர் மௌனி வாழ்நாள் முழுக்க எழுதியதே இருபத்துச் சொச்சம் கதைகள்தான். அவரோடு என்னை ஒப்பிட வரவில்லை. எண்ணிக்கையை வைத்துப் பேசாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஒன்றிரண்டு கதை வெளியாகி, நாலு பேர் நல்லா இருக்கிறது என்று சொல்லி, அதற்கப்புறம் மாட்டிக்கொண்டவர் போலத் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் ஆனது.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன தபாலாபீசில் எனக்குக் கவுன்டர் வேலை. 2009இல் என் மூன்றாவது கதை ஒரு சிற்றிதழில் வந்தது. எங்கள் குடும்பக் கிணற்றைப் பற்றியது. தாத்தா வெட்டிய கிணறு, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பங்கு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒரு கோடையில் முறைத் தகராறு முற்றிப்போய், மோட்டார் என் காசில் வாங்கியது என்று சொல்லி அப்பா அதைக் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கதையில் பெயரையெல்லாம் மாற்றியிருந்தேன். கடைசியில் சித்தி கிணற்று மேட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுவாள், கண்ணீர் கிணற்றுக்குள் சொட்டும். அந்த வரியைப் பாராட்டி மூன்று கடிதங்கள் வந்தன.

அந்த இதழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கதையைப் பதினான்கு மாதம் கையில் வைத்திருந்தார்கள். சன்மானம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை, சிற்றிதழ் நடத்துகிறவர்களின் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் எழுதினவனுக்கு ஒரு பிரதி அனுப்பக் கூடாதா? நானே ஆண்டுச் சந்தா கட்டி வாங்கினேன். தபால் பையைப் பிரித்து அந்த உறையை வெளியே எடுத்ததும் நானேதான். திறந்து பார்த்தால் இனிஷியல் தப்பு. இதைக் கடிதம் போட்டுக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. சரி, விடுங்கள்.

சித்தியின் மருமகன் வாத்தியார், வாசிக்கிற மனிதர். அவர் கையில் அந்த இதழ் சிக்கிவிட்டது. அடுத்த மாதம் ஒரு காதுகுத்து விசேஷம். பந்தியில் சித்தி எனக்கு எதிர் வரிசையில். பாயசம் ஊற்றிக்கொண்டு வரும்போது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எய்யா, இதையும் எழுதிப்புடாத" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றோடு நின்றது.

அதற்குப் பிறகு எழுத உட்கார்ந்தால், ஒரு பாட்டி வந்ததுமே அது யார் வீட்டுப் பாட்டி என்று மனசு கணக்குப் பார்க்கும். பெயரை மாற்று, ஊரை மாற்று, பாட்டியைத் தாத்தா ஆக்கு. இப்படியே மாற்றி மாற்றிக் கடைசியில் யாருடைய சாயலும் இல்லாத ஓர் ஆள் மிஞ்சுவார். அவருக்குப் பசிக்கக்கூடச் செய்யாது.

அட்டவணை போட்டும் பார்த்தேன். ஆந்தனி டிராலப் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர், எங்கள் துறைக்காரர். பிரிட்டிஷ் தபால் துறையில் 33 வருடம் வேலை பார்த்தவர். 1852இல் ஜெர்சி தீவில் தெருவோரம் தபால் பெட்டிகள் வந்தது அவர் சொன்ன யோசனையால்தான். காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள். எழுப்பிவிடுவதற்கென்றே ஒரு கிழட்டு வேலையாளுக்கு வருடம் 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். இப்படியே 47 நாவல்கள். நான் இரண்டு மாதம் அலாரம் வைத்து உட்கார்ந்தேன். 250 எல்லாம் வேண்டாம், ஐம்பது போதும் என்று. சொற்கள் வந்தன. ஆனால் அத்தனையும் அந்தப் பசிக்காத ஆட்கள். டிராலப்பைக் குறை சொல்லவில்லை. கை வணங்காதவருக்கு அது நல்ல மருந்தாக இருக்கலாம். என் நோய் வேறு.

டென்னிஸ் அப்பர் என்ற அமெரிக்க உளவியலாளர், எழுத்துத் தடைக்குத் தனக்குத்தானே சிகிச்சை செய்து தோற்றதைப் பற்றி 1974இல் ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். தலைப்புக்குக் கீழே கட்டுரை இருக்க வேண்டிய இடம் வெறுமை. எலுமிச்சைச் சாறு தடவியும் எக்ஸ்ரே எடுத்தும் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை என்று மதிப்பீட்டாளர் குறிப்பு எழுதினார். அதைப் படித்துச் சிரித்தது மட்டும்தான் அந்த வருடங்களில் எழுத்தால் எனக்குக் கிடைத்த சந்தோஷம்.

2013இல் சித்தப்பா தவறிவிட்டார். அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு திண்ணையில் சித்தியும் நானும் மட்டும். என்ன தைரியத்தில் கேட்டேனோ, "அந்தக் கதையில எம்மேல கோவமா சித்தி?" என்றேன்.

"கோவம் இல்லாமயா? நான் எப்பய்யா அழுதேன்?"

நான் பேசவில்லை.

"ஒங்கப்பா மோட்டாரக் கழத்தும்போது நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தேன். அது குடிச்சு முடிக்கிற வரைக்கும் தலையத் தூக்கல. வண்டியில ஏத்திட்டாக, கட்டக் கயிறு பத்தல. எங்கிட்டயே வந்து கயிறு கேட்டாக. மாட்டுல கெடந்தத அவுத்துக் குடுத்தேன். அத எழுதினியா நீ? ஒப்பாரி வச்சேன்னு எழுதி வச்சிருக்க."

"கயிறு திரும்ப வந்துச்சா?"

"எங்க வந்துச்சு."

நான்கு வருடமாக நான் பயந்தது, எழுதிவிட்டேன் என்று அவளுக்குக் கோபம் என்று. அவள் கோபமோ நான் பொய்யாக எழுதிவிட்டேன் என்பதில். அன்று ராத்திரியே பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். நாலு நாளில் கதை முடிந்தது. கயிற்றை அப்படியே வைத்தேன், கண்ணீரை எடுத்துவிட்டேன். அப்புறம் எழுதியதுதான் மீதி ஏழும்.

உங்களுக்கு எழுதும்போது குறுக்கே வருவது யாருடைய முகம் என்று எனக்குத் தெரியாது. யாரோ வருகிறார் என்றுதான் உங்கள் கேள்வி சொல்கிறது. முடிந்தால் அவரிடமே போய்ப் பேசுங்கள். எல்லார் வீட்டிலும் இது சரிப்படும் என்று சொல்ல மாட்டேன், அடி விழுகிற வீடுகளும் உண்டு. என் சித்தி இப்படி, அதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

புதுக் கதையை மருமகன் அவளுக்கு வாசித்துக் காட்டினாராம். கடைசிவரை கேட்டுவிட்டு, "மாடு செவலை. கருப்புன்னு எழுதியிருக்கான்" என்றாளாம்.